கீழே பார்த்த அம்பு

வண்டியை விற்றுத் தொலைத்துவிடலாம் என்று முடிவெடுத்தது அவள்தான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. போன மழைக்காலத்திலிருந்து மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த வண்டி அது. கல்யாணத்துக்கு முன்னாலேயே தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. வாங்கும்போதே கிழட்டு வண்டிதான், ஆனாலும் ஒரு நாள்கூட நடுரோட்டில் நின்று அவள் மானத்தை வாங்கியதில்லை. திரைச்சீலைத் துணிகளைக் கட்டுக்கட்டாக ஏற்றிக்கொண்டு அதில் அவள் சுற்றாத தெரு கிடையாது. இப்போது படியிறங்கும்போது அந்தத் தார்ப்பாய் கண்ணில் பட்டாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இறங்கினாள்.

சனிக்கிழமை ஒருவர் வாங்க வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, உதைத்து ஸ்டார்ட் செய்து, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "இன்ஜின் கல்லு மாதிரி இருக்கும்மா. ஹெட்லைட்டுக்குள்ளதான் தண்ணி கோத்துக்கிட்டு நிக்குது. அதைச் சரி பண்ணி வைங்க, நாளைக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

அவர் தலை மறைந்ததும் புருஷன் சொன்னான்: "நீ அதைத் தொடாத. நான் கடையில குடுத்துப் பார்த்துக்கறேன்."

இந்த இடத்தில் அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வீடுவீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படிப்பது அவன் உத்தியோகம். ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் அவன் மேஸ்திரி. எது பழுதானாலும் போனை எதிரே சாய்த்துவைத்து, ஏதோ ஒரு வீடியோவை ஓடவிட்டு, பார்த்துக்கொண்டே பிரித்துப் போட்டுவிடுவான். பிரிப்பதில் கெட்டிக்காரன். மின்விசிறியைப் பிரித்து மாட்டியபோது இரண்டு திருகு மிச்சம் விழுந்தது. "கம்பெனிக்காரன் தேவையில்லாம போட்டிருக்கான்" என்றான். அன்றைக்குத்தான் அவன் தங்கை அவனுக்கு மேஸ்திரி என்று பட்டம் கட்டினாள். ஒரு பொருளைக் கடைக்குக் கொடுப்பது என்றால் அவனுக்கு உயிர் போகிற மாதிரி. அப்பேர்ப்பட்டவன், கடையில் கொடுக்கிறேன் என்கிறான்! அவளுக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பிப் போனான். சாயங்காலம் ஆள் வந்து நின்றால் என்ன பதில் சொல்வது என்று அவளே திருகாணி முடுக்கியை எடுத்தாள். வாசலில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தாள். ஹெட்லைட்டைச் சுற்றியிருந்த வளையத்தின் அடியில் ஒரே ஒரு திருகு. அதைக் கழற்றியதும் வளையம் வந்துவிட்டது. பின்னாலிருந்த ஒயரைப் பிடுங்கி, ரப்பர் மூடியை உரித்து, பல்பை எடுத்துத் துணியில் சுற்றி வைத்தாள். கையில் மிஞ்சியது கண்ணாடியும், அதோடு ஒட்டியிருந்த வெளிச்சத்தை முன்னால் திருப்பியடிக்கிற, கிண்ணம் மாதிரியான கண்ணாடிப்பூச்சுத் தகடும்தான். உள்ளே தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

ஈரத்துணியால் கண்ணாடியின் விளிம்பைத் துடைத்தாள். இத்தனை நாள் வளையத்துக்குள் மறைந்திருந்த விளிம்பு. அழுக்கு போனதும் கண்ணாடியிலேயே வார்த்திருந்த சின்ன அம்புக்குறி ஒன்று தெரிந்தது. இந்தப் பக்கம் மேலே என்று காட்டுகிற அம்பு. தகட்டுக்கும் மேல்பக்கம் உண்டு. வளையத்தின் தலைப்பில் போய் உட்காருவதற்காக அங்கே ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நாக்கு மேலே இருந்தது. அம்பு நேர் எதிரே, அடியில், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் திருப்பினாள். எப்படிப் பிடித்தாலும் ஒன்று சரியாக இருந்தால் இன்னொன்று தலைகீழாக இருந்தது. கண்ணாடி தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது.

வண்டி ஓட்டாதவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. கண்ணாடி கண்ணாடிதானே, எப்படி ஒட்டினால் என்ன என்று தோன்றும். அந்தக் கண்ணாடியின் உட்பக்கம் கோடு கோடாக வரி ஓடும். பல்பின் வெளிச்சத்தை வாங்கி, இவ்வளவு ரோட்டுக்கு, இவ்வளவு ஓரத்துக்கு என்று பிரித்துக் கொடுப்பது அந்த வரிகள்தான். தலைகீழாக ஒட்டினால் ரோட்டோரத்தில் விழ வேண்டிய வெளிச்சம் எதிர்ப்பக்கத்து மரத்து உச்சியில் போய் விழும். ஓட்டுகிறவள் காக்கைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு போகலாம், எதிரே கிடக்கிற கல்லைப் பார்க்க முடியாது.

கல்தான் கிடந்தது, வண்டி விழுந்த அன்றைக்கு.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான், லைட் மங்கலாக இருக்கிறது என்று அவள் சொல்லப்போக, மேஸ்திரி சமையல் மேடையில் வைத்து ஹெட்லைட்டைப் பிரித்துத் துடைத்து ஒட்டிக் கொடுத்திருந்தான். அதன் பிறகு அவள் பகலில்தான் ஓட்டினாள். ஒரு பெரிய விடுதிக்குத் திரைச்சீலை மாட்டிவிட்டுத் திரும்பிய அன்றைக்கு மட்டும் இருட்டிவிட்டது. பின்னால் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். திரைச்சீலையை இவள் வெட்டுவாள், சின்னவளான அந்த நாத்தனார் தைப்பாள். அண்ணி, நாத்தனார் என்பதெல்லாம் ஊருக்கு. அவர்களுக்குள் அப்படியொரு ஒட்டு. வழியெல்லாம் விடுதி மேனேஜரின் விக்கைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ரோட்டோரம் யாரோ கொட்டி வைத்திருந்த ஜல்லி, சக்கரம் அதன்மேல் ஏறிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. வண்டி சாய்ந்தது. சின்னவளின் வலது கை அடியில் மாட்டிக்கொண்டது. எலும்பு கூடிவிட்டது. இரண்டு விரல் மட்டும் இன்றைக்கும் மடங்குவதில்லை. மடங்காத விரலை வைத்துக்கொண்டு எந்தத் துணியைத் தைப்பது?

ஆஸ்பத்திரி வராந்தாவில், தன் கையிலும் கட்டோடு, அவள் சொல்லித்தான் பார்த்தாள்: "லைட்டு சரியா விழலைங்க. முன்னால எதுவுமே தெரியல." மறுநாள் அவன் வண்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அத்தனை பேர் நடுவில் பதில் சொன்னான்: "லைட்டு நல்லாத்தான் இருக்கு. வளையம் மட்டும் நசுங்கியிருந்துச்சு, புதுசு மாட்டிட்டேன். நீ பேச்சு சுவாரசியத்துல பார்க்காம விட்டிருப்ப." அவ்வளவுதான். மாமியாருக்கு அது போதுமானதாக இருந்தது. "பொம்பளைக்கு எதுக்கு இந்த வண்டி? என் பொண்ணு கையை ஒடிச்சுட்டாளே" என்று அன்றைக்கு ஆரம்பித்தவள், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மாளவில்லை. சின்னவள் அதுகூடச் சொல்லவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டாள். அவளோ வாராவாரம் சின்னவள் வீட்டுக்குப் போய், சுடுதண்ணீர் வைத்து, அந்த விரல்களை முக்கி எடுத்து நீவிவிட்டு, கிளம்பும்போது "மன்னிச்சிடும்மா" என்று சொல்லிவிட்டு வருவாள். சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நானே ஒடித்தேன், நானே ஒடித்தேன் என்று தன்னையே தின்றுகொண்டிருந்தவள், இப்போது அம்பைப் பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். முதலில் வந்தது அழுகை, நிம்மதி அழுகை. தெரியாமல் ஒட்டியிருக்கிறான் மனுஷன், அவனுக்கென்ன தெரியும், பாவம், என்றுகூட நினைத்தாள். நினைத்துக்கொண்டே பேப்பரில் கிடந்த வளையத்தைத் தள்ளிவைக்க எடுத்தாள்.

வளையம் புதிதாக மின்னியது.

பழைய வளையம் நசுங்கிவிட்டது. புதிய வளையத்தை மாட்டியது அவன். வளையத்தைக் கழற்றினால் விளிம்பு தெரியும். துடைத்து ஒட்டிய புதிது, அழுக்கும் ஏறியிருக்காது, விளிம்பு தெரிந்தால் அம்பு தெரியும். பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, அதன்மேலேயே வளையத்தை மாட்டி மூடிவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, லைட்டு நல்லாத்தான் இருக்கு என்றிருக்கிறான்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அட பாவி! அட படுபாவி! பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவள் தூக்கத்தில் அலறி எழுந்தபோதெல்லாம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவன்.

அவன் கழுத்தில் பவுடரும் காதோரம் ஒட்டிய முடியுமாக உள்ளே நுழைந்தான். பேப்பரில் பரப்பியிருந்ததைப் பார்த்ததும் பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

"எதுக்கு அதைப் பிரிச்ச? நான்தான் கடையில குடுக்கறேன்னு..."

"இந்த அம்பு எங்க பார்க்குது?"

"எந்த அம்பு?"

"கண்ணு தெரியலையா? மேல பார்க்குதா, கீழ பார்க்குதா?"

அவன் திருதிருவென்று விழித்தான். "கீழ."

"புது வளையம் மாட்டினது யாரு?"

அவன் கழுத்துப் பவுடரைத் துடைத்தான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? நீ மாட்டும்போது பார்த்தியா இல்லையா?"

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் நீங்க என்றுதான் கூப்பிடுவாள். நீ என்பது தானாக வந்து விழுந்தது. அவளும் அதைத் திருத்திக்கொள்ளவில்லை.

அவன் படியில் உட்கார்ந்தான். "பார்த்தேன்" என்றான். "தெரியாமதான் ஒட்டினேன், சத்தியமா. மறுநாள் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுது. அப்ப எப்படிச் சொல்றது? அவ என் கூடப்பிறந்தவ. என்னாலதான் கை போச்சுன்னு தெரிஞ்சா அப்புறம் என் மூஞ்சியில முழிப்பாளா?"

"என் மூஞ்சியில முழிக்காம இருக்காளே, அது பரவாயில்லையா?"

"உன்னால தாங்கிக்க முடியும்னு நெனச்சேன். நீ தைரியசாலி."

இதைக் கேட்டதும் அவள் கையிலிருந்த திருகாணி முடுக்கியைத் தரையில் ஓங்கி அடித்தாள். "தைரியசாலின்னா கழுதையா? நீ ஏத்தற மூட்டையெல்லாம் சுமக்கறதுக்கா? நான் அவ கால்ல விழாத குறையா மன்னிப்புக் கேட்டுட்டு வந்து இதே படியில உக்காந்து அழுதிருக்கேன். நீ பக்கத்துல நின்னு என் முதுகைத் தடவிக் குடுத்த. எந்தக் கையால தடவின? இதை ஒட்டின கையாலயா, மூடின கையாலயா?"

அவன் அழ ஆரம்பித்தான். பெரிய மனுஷன் அழுதால் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். அவளுக்குப் பாவமாக இல்லை, எரிச்சலாக இருந்தது.

சத்தம் கேட்டு மாமியார் வாசல்வரை வந்தாள். அழுகிற மகனைப் பார்த்தாள், பேப்பரில் கிடந்ததைப் பார்த்தாள். "டீ ஆறுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் வந்த மனிதரை அவள் வாசலோடு திருப்பி அனுப்பினாள். "மன்னிச்சுக்கங்க, வண்டி விக்கல." அதற்கு முன்னாலேயே பாதி வேலையை முடித்திருந்தாள். ஹேர் டிரையரை எடுத்து விளிம்பைச் சுற்றிச் சூடு காட்டினாள். பழைய பசை இளகியதும் மொண்ணைக் கத்தியை நுழைத்து, நெம்பாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டிக்கொண்டே வந்தாள். கண்ணாடி தனியாகக் கையில் வந்தது. கோபத்தில் செய்யக்கூடாத வேலை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். தகட்டின் பூச்சு அவ்வளவு மெல்லிசு. விரலால் தேய்த்தால்கூட விரலோடு வந்துவிடும். அப்புறம் அது வெறும் தகரம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, சோப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி வழியவிட்டாள், தேய்க்கவில்லை. நல்ல தண்ணீரில் அலசிக் கவிழ்த்துக் காயவைத்தாள். கண்ணாடியை மட்டும் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள், அது தாங்கும். தகட்டின் விளிம்புப் பள்ளத்தில் ஒட்டியிருந்த பழைய பசையைத் துளித்துளியாகச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுப் பசையை ஒரே சீராக ஓட்டி, அம்பை நாக்குக்கு நேராக நிறுத்தி அழுத்தினாள். திரைச்சீலைக்கு வைத்திருந்த எலாஸ்டிக் நாடாவால் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினாள். ஒரு நாள் அசையாமல் இருக்க வேண்டும். அலமாரிமேல் வைத்துவிட்டு, "இதை எவனாவது தொட்டா கையை ஒடிப்பேன்" என்றாள். வீட்டில் தொடுகிறவன் ஒருவன்தான் உண்டு.

அவன் அன்றைக்கெல்லாம் பின்னாலேயே வந்து கெஞ்சினான். "நானே சொல்லிடறேன். கொஞ்சம் டைம் குடு."

"மழைக்காலத்துலேருந்து குடுத்தாச்சு" என்றாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் எல்லாவற்றையும் மாட்டி, தார்ப்பாயைச் சுருட்டி எறிந்துவிட்டு வண்டியை எடுத்தாள். முதல் தெருவை உருட்டுகிற வேகத்தில் தாண்டினாள். லைட்டைப் போட்டாள். வெளிச்சம் ரோட்டில் விழுந்தது. ஓரத்துச் சாக்கடைக் கல், குழி, எவனோ போட்டுவிட்டுப் போன ஒற்றைச் செருப்பு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. இவ்வளவுதானே, இது தெரிந்திருந்தால் போதுமே என்று நினைத்தாள். அழக்கூடாது என்று சொல்லிக்கொண்டாள். அழுதுகொண்டு போய் நின்றால் வழக்கம்போல் மன்னிப்புக் கேட்க வந்தவள் மாதிரியே இருக்கும்.

சின்னவள் வீட்டில் தனியாக இருந்தாள். ஒற்றைக் கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூலையில் தையல் மிஷின்மேல் போர்வை கிடந்தது. அண்ணியைப் பார்த்ததும் வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இங்க பாரு" என்றாள் அவள். "இன்னைக்குச் சுடுதண்ணி வைக்க வரல. ஒண்ணு சொல்லிட்டுப் போக வந்தேன். அன்னைக்கு நான் பார்க்காம ஓட்டல. உங்க அண்ணன் லைட்டு கண்ணாடியைத் தலைகீழா ஒட்டியிருந்தான். நேத்து நானே பிரிச்சுப் பார்த்தேன். அவனும் ஒத்துக்கிட்டான். நம்பலைன்னா அவனையே கேளு."

சின்னவள் மடித்த துணியை மறுபடி பிரித்தாள். மறுபடி மடித்தாள். ஆச்சரியப்படவில்லை, ஏன் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது.

"தெரியும் அண்ணி" என்றாள்.

எத்தனையோ நாளுக்கப்புறம் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

"என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலயே தெரியும். அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். யார்கிட்டயும் சொல்லிடாத, அம்மாவுக்குத் தெரிஞ்சா உசுரை விட்டுடுவாங்கன்னான். என்னால அவனைக் காட்டிக் குடுக்க முடியல. உங்க முகத்தைப் பார்க்கவும் முடியல. பேசினா வாயில வந்துடும்னுதான் பேசவே இல்ல."

சின்னவளின் கோபம் என்று நினைத்து அவள் தாங்கிக்கொண்டிருந்தது கோபமே இல்லை. புருஷன்மேல் வந்த ஆத்திரம் ஒரு மாதிரி. இது வேறு மாதிரி வந்தது, அடிவயிற்றிலிருந்து.

"நான் வாராவாரம் வந்தேன். உன் விரலை நீவி நீவி, மடங்கலையே மடங்கலையேன்னு செத்துப் பொழச்சேன். போகும்போது மன்னிச்சிடுன்னு சொன்னேன். நீ சுவத்தைப் பார்த்துக்கிட்டு அதை வாங்கிக்கிட்ட. எல்லாத்தையும் வாங்கிக்கிட்ட!"

"அண்ணி..."

"பேசாத. உன் கை போனது உங்க அண்ணனால. தெரியாம செஞ்சான். என் தூக்கம் போனது உன்னால. தெரிஞ்சே செஞ்ச."

சின்னவள் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். மடங்காத இரண்டு விரல் குச்சி மாதிரி அவள் மணிக்கட்டில் பட்டது. அவள் கையை உதறிக்கொள்ளவில்லை. பிடிக்கவும் இல்லை.

"என்ன செய்யணும்னு சொல்லுங்க அண்ணி. செய்யறேன்."

"உங்க அம்மாவுக்குப் போன் போடு. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காங்களே, என் பொண்ணு கையை ஒடிச்சவ, ஒடிச்சவன்னு. அவங்ககிட்ட உன் வாயால சொல்லு. இப்பவே, என் எதிர்ல. எனக்கும் கேக்கற மாதிரி."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனைப் பெட்டிமேல் வைத்து இடது கையால் எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மாமியார் எடுத்தாள். பின்னால் மேஸ்திரியின் குரல் யாரும்மா என்று கேட்டது.

"அம்மா, நான்தான். ஒண்ணு சொல்லணும், குறுக்க பேசாம கேளு. வண்டி விழுந்ததுக்கு அண்ணி காரணம் இல்ல. அண்ணன்தான் லைட்டு கண்ணாடியைத் தலைகீழா ஒட்டியிருந்தான். எனக்கு ஆஸ்பத்திரியிலயே தெரியும். அண்ணி மேல ஒரு தப்பும் இல்லம்மா. இனிமே யார்கிட்டயும் அப்படிச் சொல்லாத."

மாமியார் அதிர்ச்சியில் விழுந்துகிழுந்து வைத்துவிட்டாளோ என்று அவளுக்கு ஒரு கணம் பயம்கூட வந்தது.

விழவில்லை. குரல் நிதானமாகத்தான் வந்தது.

"தெரியும்டி. அவன் எங்கிட்டச் சொல்லாம இருப்பானா? அதையெல்லாம் இப்ப எதுக்குக் கிளறிக்கிட்டு? அவதான் பழகிட்டாளே."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் குனிந்து போனைக் கையில் எடுத்தாள்.

"பழகல அத்தை" என்றாள். "ஒரு நாள்கூடப் பழகல."